ஸ்ரீ மெர்போக் ஏற்றி வந்தவர்கள்

யோகேஸ்வரி: அப்ப அந்தக் கப்பல்ல பீரங்கியே இல்லையாண்ணே?

சத்தியசீலன்: பேருக்கு ரெண்டு இருந்துச்சு. ‘ஸ்ரீ மெர்போக்’ சண்டைக் கப்பல் இல்லம்மா. பட்டாளத்த ஏத்திக்கிட்டுப் போயி இறக்கிவிடும், அவ்ளோதான்.

யோகேஸ்வரி: நீங்க எஞ்சின் ரூம்ல...

சத்தியசீலன்: பென்சென் வாங்குற வரைக்கும் அங்கதான். லுமுட்ல ஏத்துவோம், கூச்சிங்ல இறக்குவோம். தென்சீனக் கடலுக்குள்ள நுழைஞ்சதும் பட்டாளத்துல பாதிப் பேரு வாந்தி லா! அப்புறம் ஆச்சேல சுனாமி வந்தப்ப அரிசி, கூடாரம்னு கொண்டு போனோம். போன வருசம் வெட்டிப் பழைய இரும்பா போட்டுட்டாங்க... கோப்பி ஆறுது, குடி. எந்த மலருக்கு எழுதுறேன்னு சொன்ன?

யோகேஸ்வரி: அது... திகாம் பத்து கோயில் மலருக்கு.

சத்தியசீலன்: கோயில் மலர்ல கப்பலா?

யோகேஸ்வரி: போடுவாங்கண்ணே! ஏத்திக்கிட்டுப் போன எல்லாரையும் அது திருப்பிக் கொண்டாந்துச்சா?

சத்தியசீலன்: ...கொண்டாந்துச்சு. ஒரு தடவதான் பயந்துட்டோம்.

யோகேஸ்வரி: என்னாச்சு?

சத்தியசீலன்: கூச்சிங்லேர்ந்து திரும்பி வர்றோம். மத்தியானம், திடீர்னு காத்து மழை. மேல் தட்டுல லாரி கட்டியிருந்த சங்கிலி இளகிருச்சு. இறுக்கப் போன பட்டாளத்துப் பையன் வழுக்கி கடல்ல விழுந்துட்டான்.

யோகேஸ்வரி: ஐயோ...

சத்தியசீலன்: ஒரு எஞ்சின் வேற பழுது. மத்தத வச்சே கப்பலத் திருப்பினாங்க.

யோகேஸ்வரி: திருப்பினாங்களா? நீங்க கீழ இல்லையா?

சத்தியசீலன்: வேலை முடிஞ்சு அப்பதான் மேல வந்தேன்... அலைக்கு நடுவுல ஒரு தலை மட்டும் தெரியுது. படகு இறக்க நேரம் ஆகும். அதுக்குள்ள ஒருத்தன் மிதவைய எடுத்துக்கிட்டுக் குதிச்சிட்டான்.

யோகேஸ்வரி: யாருண்ணே?

சத்தியசீலன்: எவனோ ஒரு கிறுக்கன். பேரு... மறந்துபோச்சு.

யோகேஸ்வரி: எங்களுக்கு மறக்கலண்ணே.

சத்தியசீலன்: ...என்னம்மா சொல்ற?

யோகேஸ்வரி: மலரு, எழுத்து எல்லாம் பொய். மன்னிச்சிருங்க. அந்தப் பட்டாளத்துப் பையன்தான் என் வீட்டுக்காரரு, புவனேசன். சுங்கைப் பட்டாணியில ஒரு கல்யாணத்துல, ‘சிடாம் கிரியில நேவி சத்தியசீலன்’னு யாரோ பேசிக்கிட்டாங்க. அங்கேயே உங்க வீடு எங்கன்னு விசாரிச்சு வச்சிக்கிட்டாரு.

சத்தியசீலன்: புவனேசன்... நல்லா இருக்காரா?

யோகேஸ்வரி: வெளிய காடிய நிறுத்திட்டு உள்ளேயே உக்காந்திருக்காரு. “நேரா கேட்டா நான் இல்லன்னுதான் சொல்லுவாரு, நீ பேச்சு குடுத்துப் பாரு”ன்னாரு. அப்ப எங்களுக்குப் பரிசம் போட்டிருந்தாங்கண்ணே. நீங்க குதிக்கலன்னா எனக்குக் கல்யாணம் ஏது, ரெண்டு பொண்ணுங்க ஏது... எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

சத்தியசீலன்: எனக்கா? அவரு உங்கிட்ட முழுசா சொல்லல, இல்ல?

யோகேஸ்வரி: என்னத்த?

சத்தியசீலன்: குதிச்சதும் அலை என்னைத் தூக்கி கப்பல் மேல அடிச்சிருச்சு. மிதவ ஒரு பக்கம் போச்சு, எனக்கு நெனவு போச்சு. படகு வர்ற வரைக்கும் என் தலையத் தண்ணிக்கு மேல தூக்கிப் பிடிச்சிருந்தது உன் வீட்டுக்காரருதாம்மா. ஆஸ்பத்திரியில எல்லாரும் என்னத்தான் தட்டிக் குடுத்தாங்க. நான் வெளிய வர்றதுக்குள்ள அவரு பட்டாளம் கெளம்பிருச்சு. காப்பாத்தப் போனது நானு... காப்பாத்துனது அவரு. எந்திரிம்மா, காடி எங்க நிக்குது?