குண்டு தொடாத படையும் கீழ்மேட்டுக் கல்லறைகளும்

அவை நடத்தும் நகர்மன்றத் தலைவர் அவர்களே! ஆண்டவர் மொழியை அன்போடு உரைக்கும் போதகர் அவர்களே! முன்வரிசையில், தளர்ந்த தோளும் தளராத பார்வையுமாய் வீற்றிருக்கும் நம் தொண்டர் படையின் எஞ்சிய நால்வரே! பெற்றோரே, பெரியோரே, மடியில் மழலையும் மனத்தில் நூறு வேலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் ஆஷ்பிரிட்ஜ் ஊரின் மகளாக வணங்குகிறேன்.

"பொம்பள மேடையேறிட்டாளா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்கிறது. ஏறிவிட்டேன் ஐயா! என் தந்தை ஜோத்தம் பீஸ்லி இருந்திருந்தால் அவர் ஏறியிருப்பார். போன பனிக்காலத்தில் அவர் போய்விட்டார். ஆகவே அவர் மகள் கெசையா நிற்கிறேன்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஏப்ரல் விடியலில் மணி முழங்கியது. ஏரை விட்டவர் எத்தனை பேர்! உலையை விட்டவர் எத்தனை பேர்! உழவரும் கொல்லரும் ஒரே மூச்சில் ஓடினார்கள். இங்கிலாந்து மன்னனின் செஞ்சட்டைப் படையைப் பாஸ்டன் நகர் வரை துரத்தினார்கள். அங்கேயே முற்றுகையிட்டு அமர்ந்தார்கள். அந்தப் போர் முழுவதிலும் நம் படையில் ஒருவர் மீதும் குண்டு பாயவில்லை. தட்டுங்கள் கையை! தட்ட வேண்டியதுதான்.

தட்டி முடித்தீர்களா? இனி நான் சொல்லப்போவதற்குக் கைத்தட்டல் வேண்டாம்.

ஆகஸ்டு மாதம், புல் அறுப்புக்காகப் படைக்கு விடுப்புக் கிடைத்தது. முகாமிலோ இரத்தபேதி பரவியிருந்தது. "வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்குள்ள போகாதீங்க. கொஞ்ச நாள் ஒதுங்கி இருங்க. நோய் உங்களோட நடந்து வரும்" என்று படை மருத்துவர் எச்சரித்தார். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஊர் எல்லையில் சமையல் புகையைக் கண்டதும் எல்லோரும் மறந்தார்கள். மறக்காதவர் ஒருவர், அவர் என் தந்தை.

"கேப்டன், மருத்துவர் சொன்னாரே... நாம எல்லாரும் என் வைக்கோல் கொட்டகையில தங்கலாமா?"

கேப்டன் அசாயேல் பரேஜ் இடி போலச் சிரித்தார். நல்ல மனிதர், நெஞ்சுரம் மிக்கவர். "யோவ் ஜோத்தம்! பீரங்கிக்கு எதிரா நின்னவனை மாட்டோட படுக்கச் சொல்றியா? என் பொண்ணு டார்கஸ் வாசல்ல நிக்கிறாய்யா!"

"அவளுக்காகத்தான் சொல்றேன், கேப்டன்."

"போய்யா, வைக்கோல் வீரா!"

படையே சிரித்தது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் வீடுகளுக்குப் போனார்கள். என் தந்தை கொட்டகைக்குப் போனார்.

எனக்கு அப்போது ஆறு வயது. அம்மா சோளக்கஞ்சியைக் கொட்டகை வேலியோரம் வைத்துவிட்டுத் திரும்புவாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுவேன். "அப்பா, உள்ள வாப்பா! டார்கஸ் அவங்க அப்பா மடியில உக்காந்திருக்கா!"

"அங்கயே நில்லு கண்ணு. நீ ஒரு அடி உள்ள வச்சேன்னா அப்பா காட்டுக்குள்ள ஓடிடுவேன்."

சொல்லும்போது அவர் முகம் என்ன பாடுபட்டது! இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

பிறகு என்ன நடந்தது என்று இங்குள்ள மூத்த தாய்மார்களுக்குத் தெரியும். முதலில் ஒரு வீட்டில் குழந்தை படுத்தது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. தந்தையர் மெலிந்து பிழைத்தார்கள், பிள்ளைகள் பிழைக்கவில்லை. ஆண்டவரே, எத்தனை சிறிய பெட்டிகள்! ஊரில் மண்வெட்டி பிடிக்கும் பலம் இருந்தவர் என் தந்தை மட்டும்தான்.

ஒருநாள் கேப்டன் கொட்டகைக்கு வெளியே வந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது. "ஜோத்தம்... டார்கஸுக்கு ஒரு குழி வேணும்யா. எனக்குக் கை வரல."

"வரேன் கேப்டன். நீங்க உக்காருங்க."

"நீ என்னைத் திட்டுய்யா."

"அவ என் பொண்ணோட விளையாடின புள்ள, கேப்டன். திட்டுறதுக்கு எனக்கு வாய் எங்க இருக்கு?"

அன்று இருவரும் அழுதார்கள். ஆனால் ஊரின் நடுவில் நின்று "ஜோத்தம் சொன்னது சரி" என்று கேப்டனும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. "வைக்கோல் வீரன்" என்ற பெயர் என் தந்தை சாகும்வரை நின்றது. ஏன்? நீங்கள் கொடியவர்களா? இல்லை! அந்தப் பெயரைத் திரும்பப் பெற்றால், பிள்ளைகள் எதனால் இறந்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே! அன்பால் அணைத்த கைகளே அழிவைக் கொண்டுவந்தன என்று எந்தத் தந்தையால் சொல்ல முடியும்? என் தந்தைக்கு அது புரிந்தது. அதனால்தான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னார்.

முன்வரிசைப் பெரியவரே, அழாதீர்கள். உங்களைக் குற்றம் சாட்ட நான் வரவில்லை. விடுதலைக்கு நம் ஊர் விலை கொடுக்கவில்லை என்று ஐம்பது ஆண்டுகளாகப் பெருமை பேசுகிறோமே, அதை இன்றோடு நிறுத்துவோம் என்று கேட்க வந்தேன். விலை கொடுத்தோம்! பால்பல்கூட விழாத விலை! கீழ்மேட்டில், பெயரில்லாத சின்னக் கற்களின் கீழ், புல் மூடிக் கிடக்கிறது அந்த விலை!

விருந்துக்கு மாடு வெந்துகொண்டிருக்கிறது, அறிவேன். சற்றே பொறுங்கள். என்னோடு கீழ்மேட்டுக்கு வாருங்கள். பெயர் நினைவிருப்பவர்கள் பெயரைச் சொல்லுங்கள். டார்கஸின் பெயரை நான் சொல்கிறேன்.

என்னைப் பேச விட்ட தலைவருக்கு நன்றி. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. நம்மோடு வளர்ந்து நரைத்து இந்தப் பலகைகளில் அமர்ந்திருக்க வேண்டிய அந்தப் பிள்ளைகளுக்கு, என் வணக்கம்.