'சிட்டு' பெயர்ப்பலகை உடைந்தது குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் மேலே எழுதியிருப்பது சரியே. வயது ஐம்பத்து மூன்று. சோபா, குஷன் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். என்மீது புகார் கொடுத்திருப்பவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். விசாரணைக்கு அழைத்ததன்பேரில் ஆஜராகிச் சொல்வதாவது.

கடையை நானும் மச்சானும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். என் மனைவியை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவோம். அதையே 'சிட்டு சோபா ஒர்க்ஸ்' என்று கடைக்கு வைத்தோம். பின்னால் பிரிய நேர்ந்தால் எது யாருக்கு என்று இப்போதே எழுதிவைத்துக் கொள்ளுங்கள் என்று ஆடிட்டர் சொன்னார். அதற்கு மச்சான், "பொண்ணு பாக்கப் போற அன்னிக்கே விவாகரத்து பேசுறாரே, நல்ல மனுஷன்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எழுதவில்லை.

அதன்பின் பல வருடம் ஒழுங்காக ஓடியது. போன வருடம் ஒரு ஓட்டல் வேலையை எடுப்பதா விடுவதா என்பதில் மனத்தாங்கல் வந்து பிரிந்தோம். மெஷின், ஃபோம், கத்தரிக்கோல், ஆணி டப்பா வரை தரையில் பரப்பிப் பங்கு போட்டோம். வெட்டு மேஜையை அறுத்துப் பாதியாக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. பெயர் கையில் பிடிக்கிற சாமான் இல்லை என்பதால் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை. பழைய கடையில் நான் இருந்துகொண்டேன். அதன்பின் மச்சான் அதற்கு நேர் எதிரே கடை பிடித்து, அதே பெயரில் பலகை ஒட்டினார்.

அதன்பின் ஒரு பல் டாக்டர் என் கடைக்கு வந்து, தைத்த சோபா ஒரே வாரத்தில் பிரிந்துவிட்டது என்று நாலு பேர் பார்க்கக் கத்தினார். மூலை மடிப்பைப் பார்த்ததுமே அது மச்சான் கைவேலை என்று தெரிந்தது. பெயர் ஒன்றாக இருக்கும்போது யாரிடம் போய் என்ன சொல்வது? நானே பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். அதன்பின் எதிர்க்கடைக்குப் போய்ப் பெயரை மாற்றச் சொன்னேன். மச்சான், "உங்களுக்குப் பொண்டாட்டி ஆகறதுக்கு முன்னாடியே அவ எனக்குத் தங்கச்சி மாப்ளே. அந்தப் பேரை வச்சதே நான்தான்" என்றார். நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். அவரும் அனுப்பினார். அது என் கைக்கு வந்த அன்றும் வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

நாங்கள் சாப்பிடும்போது என் மனைவி என் நோட்டீஸின் நகலையும் அவர் நோட்டீஸையும் எடுத்து வாசித்தாள். 'சிட்டு என்ற பெயர் மீது என் கட்சிக்காரருக்கே முழு உரிமை' என்று இரண்டிலும் இருந்தது. "நான் செத்தா போயிட்டேன்?" என்று கேட்டாள். மச்சான் தண்ணீர் கேட்டார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவளே கடைக்கு வந்து, ஏணியைப் போட்டு ஏறி, என் பலகையைக் கழற்றினாள். அதன்பின் ஏணியைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள். விழுந்துவிடப் போகிறாளே என்று நான் ஏணியைப் பிடித்தேன். மச்சான், "ஏய், இறங்குடி!" என்று கத்தினார். அவர் பலகை பசை போட்டு ஒட்டியது என்பதால் இழுத்ததும் இரண்டாக உடைந்தது. உடைத்தது நான் அல்ல. ஏணியைப் பிடித்தது உண்மை. தங்கை பேரில் எப்படிப் புகார் கொடுப்பது என்று என் பெயரைக் கொடுத்ததாக மச்சானே இங்கே ஸ்டேஷன் வராண்டாவில் என்னிடம் சொன்னார். அதில் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு இல்லை.

எதிர்ப்புகார் கொடுக்கிறாயா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்கிறேன். பெயர் யாருக்குச் சேரும் என்று கேட்டதற்குச் சொல்வதாவது: அன்று ஏணியிலிருந்து இறங்கியதும் அவள் எங்கள் இருவரையும் பார்த்து, "இனிமே ரெண்டு பேரும் என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது" என்றாள். கடைக்கு வேறு பெயர் யோசித்துவிடலாம், அது பெரிய விஷயம் இல்லை. வீட்டில்தான் அவளை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. ரேஷன் கார்டில் உள்ள பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்தாளோ என்னவோ, அவள் திரும்பவில்லை.

நான் சொன்னதை எழுதி வாசித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை, அத்தனையும் நிஜம்.

(கையொப்பம்)