மறுதரப்பிடம் ஒரு விளக்கம்

பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுகிறவர்கள் நல்லவர்கள். நாட்டு நடப்பெல்லாம் அவர்களுக்கு அப்புறம்தான், நேற்று யார் ஜெயித்தது என்பதுதான் முதலில். அவர்களை நம்பித்தான் இத்தனை வருஷமும் விளையாட்டுப் பக்கத்தின் ஆசிரியராகக் குப்பை கொட்டினேன். விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் முன்பக்கத்து ஆட்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

'தங்கக்கால்' என்ற பட்டத்தை அந்தக் கால்பந்து வீரருக்குக் கொடுத்ததே நான்தான். அரையிறுதியில் அவர் கோல் போட்டு அணியைக் காப்பாற்றிய அன்று, அவர் பெயர் தலைப்புக்குள் அடங்கவில்லை. அதற்காக அவசரத்தில் வைத்தது. மறுநாளிலிருந்து ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

அவர் மேல் என் தங்கை மகள் ஒரு புகார் கொண்டுவந்தாள். அந்த அணியில் அவள் பிசியோதெரபிஸ்ட். சிகிச்சை அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு அவர் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னாள். அழவில்லை. முழங்கையில் இருந்த காயத்தைக் காட்டினாள். எங்கள் ஆபீஸ் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எழுதுங்க மாமா. ஆனா எம் பேரு மட்டும் வெளிய வரக் கூடாது. அம்மாவுக்கே இன்னும் தெரியாது."

"நான் இருக்கேம்மா" என்றேன்.

அவள் சொன்னதை ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கே கட்டுரையை எழுதி முடித்தேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. யார் மேல் குற்றம் சொன்னாலும் அச்சுக்குப் போகும் முன் அவர் தரப்பு விளக்கத்தையும் கேட்டாக வேண்டும். புதிதாக வரும் நிருபர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். அதன்படி தங்கக்காலின் மேனேஜருக்குப் போன் செய்தேன். அந்த ஒரு போனுக்காகத்தான் என்னைக் கூண்டில் ஏற்றாத குறையாக இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். எரிச்சலாக இருக்கிறது, மறைக்கவில்லை. கேட்காமல் போட்டிருந்தால் அதற்கும் ஒரு கமிட்டி வைத்திருப்பீர்கள்.

அந்த வாரமே அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். 'தங்கக்காலிடம் பணம் பறிக்கப் பார்த்தவள்' என்ற வரியோடு அவள் படம் எல்லாருடைய போனுக்கும் போனது. ரசிகர்கள் வீட்டுச் சுவரில் எழுதிவைத்ததை என் தங்கை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"எந்தப் பாவி சொன்னான்னே தெரியலையேண்ணா" என்றாள்.

மனசு கேட்கவில்லை. நல்ல வக்கீல் ஒருவரின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தது. என் காரில்தான் ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். இப்போது அறையைவிட்டு வெளியே வருவதில்லை.

கட்டுரை வரவில்லை என்பது உண்மைதான். அதற்குப் பதிலாக மேனேஜர் தங்கக்காலின் பேட்டியைக் கொடுத்தார், எங்கள் பேப்பருக்கு மட்டும், அதுவும் இறுதிப்போட்டிக்கு முந்தின நாள். எந்த ஆசிரியர் வேண்டாம் என்பார்? அந்தப் பேட்டியிலும் நான் விஷயத்தை விடவில்லை, அதை யாரும் பேசுவதில்லை. 'சமீபத்திய சர்ச்சை உங்கள் ஆட்டத்தைப் பாதித்ததா?' என்று நேருக்கு நேர் கேட்டேன். பாதிக்கவில்லை என்றார். குற்றச்சாட்டு என்று எழுதினால் நாமே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும். சர்ச்சை என்றால் யாருக்கும் வலிக்காது.

மேனேஜருக்குப் பெயர் எப்படிப் போனது என்று வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் மறுக்கவில்லை. கோபப்படக்கூட இல்லை. மேசை இழுப்பறையைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"சரி சார். இது எந்தப் பொண்ணு?" என்றார்.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஒருத்தியோடு முடிந்த விஷயமாக இருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. நான் வாயைத் திறக்காமல் இருந்ததும் அவரே ஊகிக்க ஆரம்பித்தார். "டிக்கெட் கவுன்டர்ல இருக்குமே, அதுவா? இல்ல, போன சீசன்ல வேலைய விட்டு நின்னுபோச்சே, அந்த போட்டோகிராபரா?" என்று கேட்டுக்கொண்டே போனார். அந்தப் பெண்களை நான் பார்த்ததுகூடக் கிடையாது. இதில் சம்பந்தமே இல்லாத ஒருத்தியின் வாழ்க்கை என்னால் பாழாகிவிடக் கூடாதே என்று பதறிப்போனேன். நான் நியாயம் பார்க்கிறவன். அதனால்தான் எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொன்னேன்.