கால் ஊன்ற இடம்

ஜன்னலை மூடிவிடலாம், இன்ஸ்பெக்டர் ஐயா. துறைமுகப் பக்கமிருந்து காற்றடித்தால் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் எல்லா மேசையிலும் பாஸ்பேட் தூசி படியும். தூசி இருந்தால் எனக்குப் பேச்சே ஓடாது. ஆய்வகத்தில் தினமும் நானேதான் துடைப்பேன்.

என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டீர்கள். இடுப்பு முறிந்தவர்களுக்குத் தொடையெலும்புக்குள் ஓர் உலோகத் தண்டைச் செருகுவார்கள். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளை லேசரால் போடுவது என் வேலை. உலோகம் உடம்புக்குள் போனதும் முதலில் வந்து ஒட்டுவது இரத்தத்திலுள்ள புரதங்கள். எலும்பு செல்கள் உலோகத்தைத் தொடுவதில்லை. அந்தப் புரதப் படிவைத்தான் பிடித்துக்கொள்கின்றன. கோடுகளின் இடைவெளி சரியாக இருந்தால் செல் கால் பரப்பி ஊன்றும், எலும்பு வளர்ந்து தண்டைக் கவ்வும். இடைவெளி தவறினால் ஊன்ற இடமில்லாமல் செல் உருண்டு, தானாகவே செத்துப்போகும். எது சரி, எது தவறு என்று கண்டுபிடித்தவள் நான். என் இளமை அதில்தான் போயிற்று.

பேராசிரியர் ஷெத்லி அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அறுவைச் சிகிச்சை செய்பவரும் அவர்தான். கட்டுரையில் என் பெயர் இல்லை. எல்லோரும் இருக்கும்போதே கேட்டேன்.

"கோடு போட்டது லேசர் மிஷின், ரஃபீகா. மிஷின் பேரையும் போடச் சொல்றியா?" என்றார். "தண்டு புடிக்கிறது என் உலோகக் கலவையால. உன்னோடது மேல போட்ட பூத்தையல்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டில் பாத்திரம் கழுவும்போது கண்ணாடிக் கிண்ணம் கைக்குள்ளேயே நொறுங்கியிருந்தது. தண்ணீர் சிவந்த பிறகுதான் கவனித்தேன்.

பூத்தையல்தான் என்றால் எப்படித் தைத்தாலும் ஒன்றுதானே. அடுத்த தண்டில் தவறான இடைவெளியைப் போட்டேன். பார்வைக்கு அதே சாம்பல் மினுமினுப்பு.

அது லல்லா மன்ஜியா என்ற கிழவிக்குப் போகிறது என்று தெரியும். ஒலிவ மரத்து ஏணியிலிருந்து விழுந்தவள். அறுவைக்கு முன்பு, பத்திரிகைக்குப் படம் எடுப்பதற்காக அவளைச் சக்கர நாற்காலியில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். எனக்காக ஒரு டப்பாவில், வறுத்த மாவை எண்ணெயில் குழைத்து ப்ஸீஸா செய்யச் சொல்லிக் கொண்டுவந்திருந்தாள்.

"இது நல்லா புடிச்சுக்குமா, மகளே?"

"புடிச்சுக்கும் லல்லா. நீங்க ஓடவே செய்யலாம்."

"ஓடி யாரைப் புடிக்கப்போறேன்? இருந்த புருஷனும் போய்ச் சேந்தாச்சு."

ப்ஸீஸா நன்றாக இருந்தது. டப்பாவைக் கழுவித் திருப்பி அனுப்பினேன்.

பொருத்திய சில மாதங்களில் தண்டு ஆடத் தொடங்கியது. மறுபடி அறுத்தார்கள், சீழ் பிடித்தது, குளிர்காலத்தில் இறந்துபோனாள். நான் பேராசிரியரிடம் போய், தண்டின் மேற்பரப்பைச் சோதித்துப் பார்க்கலாமா என்று மரியாதையாகவே கேட்டேன். அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் ஐயா.

"கிழவி எலும்பு உளுத்துப்போன எலும்பு. உன் பூத்தையலுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார்.

கோடுகளைக் குறை சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை. ஒருத்தி செத்த பிறகும் என் வேலை அவர் கண்ணில் படவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு கிழவியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நல்ல எலும்பு வேண்டும். கெர்கென்னா தீவிலிருந்து யுஸ்ரி என்ற மீனவன் வந்தான். மோட்டார் சைக்கிள் விபத்து. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவு உறுதியான எலும்பு. அவனுக்கும் அதே இடைவெளிதான் போட்டேன். அவன் காலையே எடுத்துவிட்டார்கள் என்பது இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. பேராசிரியர் எலும்பைப் பற்றி இந்த முறை என்ன சொன்னார்?

பரவாயில்லை, சொல்ல வேண்டாம்.

இரண்டையும் தெரிந்தே நான்தான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொடூரக்காரி என்று மட்டும் எழுதாதீர்கள். மற்ற எல்லாத் தண்டுகளிலும் சரியான கோடுகளைத்தான் போட்டேன். அவர்கள் சந்தைக்குப் போகிறார்கள், மாடிப்படி ஏறுகிறார்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்குகிறார்கள். நான் யாருக்கும் தீங்கு நினைக்காதவள் என்பதற்கு அவர்களே சாட்சி.