தபாலில் போகாத துப்பாக்கி

— இந்தப் பெட்டிய உங்க பக்கமே இழுத்துக்குங்க ஆரின். இது தபால்ல போகாது.

— ஏன் போகாது? பழங்காலத்துத் துப்பாக்கின்னா அனுப்பலாம்னு நீதானம்மா சொன்ன, வெர்னா?

— ஆயிரத்தெண்ணூத்துத் தொண்ணூத்தெட்டு வரைக்கும் செஞ்சதுன்னா போகும்னேன். இங்க பாருங்க, கைப்பிடிக்கு அடியில. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூணு. சட்டப்படி இது பழசில்ல. வெறும் கைத்துப்பாக்கி. வாங்கினா என் வேலைக்கு வேட்டு.

— அட, அஞ்சு வருசந்தானேம்மா! எங்க பாட்டன் மொன்டானாவுக்கு வந்தப்பவே இது அவரு இடுப்புல இருந்துச்சும்பாங்க.

— பாட்டன் கதை விட்டிருக்காரு. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர் அனுப்பி வெப்பாரு. திங்கக்கிழமை கடை திறந்ததும் போங்க.

— திங்கக்கிழமையெல்லாம் ஆகாது. இன்னிக்கே போவணும்.

— இத வாங்கப்போற உங்க தங்கச்சிக்கு அப்படி என்ன அவசரம்?

— அவளுக்கென்ன அவசரம்? இது வரப்போறதே அவளுக்குத் தெரியாது.

— என்ன மனுசனோ! குண்டையாவது எடுத்தீங்களா?

— காலைல எடுத்துட்டேன்.

— காலைலயா? சுவத்துல அழகுக்கு மாட்டினதுல குண்டு எங்கருந்து வந்துச்சு?

— நீ ஸ்டாம்ப ஒட்டும்மா.

— ஆரின், என்னப் பாருங்க. உங்க சம்சாரம் லூசிலை அடக்கம் பண்ணின கையோட மாட்ட வித்தீங்க. இப்ப நாயையும் பக்கத்துப் பண்ணையில விட்டுட்டீங்களாமே?

— வாயில்லா ஜீவன். கதவு சாத்திக் கெடந்தா அதுக்கு யாரு சோறு வெப்பா?

— ஐயோ கடவுளே... இருங்க, ஷெரிஃபக் கூப்புடறேன். அவரு வாங்கிப் பூட்டி வெப்பாரு.

— வேணாம்மா. பொழுது சாயறதுக்குள்ள ஊரே வாசல்ல வந்து நின்னு பரிதாபப்படும்.

— அப்ப நான் என்னதான் பண்ண? இத இங்க வெச்சுக்க எனக்கு உரிமை இல்ல. ஆபீஸப் பூட்டற நேரமும் ஆச்சு.

— சரி, ஷெரிஃபையே கூப்புடு. துப்பாக்கிய அவன் கொண்டுபோவட்டும். என்னய மட்டும் அந்த வீட்டுக்குத் தனியா அனுப்பிடாத, வெர்னா.