மணல் கடைசியாகப் பார்த்த வெயில்

ஈரத் தார்ப்பாயை மடித்து வைக்கக் கூடாது. இரண்டே நாளில் பூஞ்சை பிடித்து நாறத் தொடங்கிவிடும். உங்கள் ஸ்டேஷன் மூலையில் எங்கள் கறுப்புத் தார்ப்பாய் சுருட்டிக் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரிடமாவது சொல்லி மாடியில் விரித்துப் போடுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். குற்றாலத்தில் சாரல் விட்டுவிட்டு அடிக்கிறது, இங்கேயும் எட்டிப் பார்க்கும். ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். என் பெயர் சிவனணைந்தபெருமாள். கல்லூரியில் நிலவியல் பேராசிரியர். இறந்துபோன எபனேசர் என் துறைதான். பதினோரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம்.

எங்கள் வேலை மணலுக்கு வயது சொல்வது. மணல் பரல் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும்போது, சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைக்கும். வெயில் பட்டால் அத்தனையும் அழிந்துவிடும். ஆகவே சேர்ந்திருப்பதை அளந்தால், அந்தப் பரல் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று சொல்லிவிடலாம். எடுக்கும்போது வெளிச்சம் படக் கூடாது. ஒரு நிமிட வெயில் போதும், ஆயிரக்கணக்கான வருடம் போய்விடும்.

அதனால் குழி தோண்டி, மேலே கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடுவோம். ஒருவர் உள்ளே இறங்கி, சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் சுவரைச் சுரண்டி, இரும்புக் குழாயை அடித்து இறக்குவார். மற்றவர் மேலே நின்று தார்ப்பாயின் ஓரங்களைக் கல் வைத்து அழுத்திக்கொள்வார். குழாயின் இரு வாயையும் டேப் போட்டு அடைக்கிற வரை தார்ப்பாயைத் தூக்கக் கூடாது. உள்ளே எப்போதும் எபனேசர், மேலே நான். எனக்கு முழங்கால் வலி. "அண்ணாச்சி, மூடியிருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுத்தியலைத் தொடுவார். நல்ல வேலைக்காரர்.

அச்சன்புதூருக்கு மேற்கே அந்த ஆற்றங்கரை மணலுக்கு ஆறாயிரம் வருடம் என்று வயது சொன்னவன் நான். ஊர்ப் பள்ளிக்கூட விழாவில் அதற்காகப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்குப் பெயர் வந்ததே அதனால்தான். போன மாதம் எபனேசர் என் அறைக்கு வந்து அறுநூறு என்றார்.

"மலையிலேருந்து வெள்ளம் கலங்கலா ஓடி வந்திருக்கு அண்ணாச்சி. மணலு வெயிலே பாக்கல. பழைய கணக்கு அழியாம அப்படியே வந்து படிஞ்சிட்டு. நாம அதையும் சேர்த்து எண்ணிட்டோம். இன்னொரு குழாய் எடுத்து, ஒவ்வொரு பரலா அளந்தா தெரிஞ்சிரும். நம்ம ரெண்டு பேரு பேருலயும் திருத்தம் போட்டிருவோம்."

சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் எனக்கு ஓய்வு பெற இரண்டு மாதம்தான் இருந்தது. மூன்று வாரம் நான் தூங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். வீட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தே செருப்பு தேய்ந்தது. அவர் மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு இருந்தது என்று அப்போது எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை காலை போனோம். இரண்டு நாள் மழையில் கரை ஊறியிருந்தது. எட்டடிக் குழி. சுவருக்கு முட்டுக் கொடுக்கப் பலகை ஜீப்பில் இருந்தது. "பலகை வச்சிருவோமா?" என்று கேட்டார். மண் கெட்டியாகத்தான் இருக்கிறது, அதற்கு அரை மணி நேரம் ஆகும் என்றேன். என் பேச்சை அவர் தட்டமாட்டார்.

பதினொன்றரை மணிக்குச் சுவர் இறங்கியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, அரிசி மூட்டையைத் தரையில் இறக்கினாற்போல்தான் இருந்தது. மார்பு வரை மண் என்று அவர் குரலிலேயே தெரிந்தது.

"அண்ணாச்சி, தார்ப்பாயத் தூக்குங்க. மூச்சு முட்டுது."

நான் ஓரத்தில் இன்னும் இரண்டு கல் வைத்தேன். வெளிச்சம் உள்ளே போய்விடக் கூடாதே என்றுதான். அந்த விதியில் என்னைவிடக் கறாராக இருந்தவர் அவர்தான்.

எதிர் வயலில் சுடலையாண்டி மண்வெட்டியோடு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். நூறு அடி தூரம் இருக்கும். நிமிர்ந்து பார்த்து, "சார், ஏதோ சத்தம் கேக்கே?" என்றார்.

"ஒண்ணுமில்லவே, மண்ணு எடுக்கோம்," என்று கையசைத்தேன். அவர் மறுபடி குனிந்துகொண்டார்.

எபனேசர் இன்னும் நான்கு முறை கூப்பிட்டார். கடைசியில் என்னைக் கூப்பிடவில்லை, மனைவி ரெபேக்காளைக் கூப்பிட்டார். சத்தம் நின்ற பிறகும் இருபது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். பிறகுதான் சுடலையாண்டியைக் கூவி அழைத்தேன். அவர் ஓடி வந்து தோண்டிய வேகத்தைப் பார்த்தபோது எனக்கே வருத்தமாக இருந்தது.

சாம்பிளைக் காப்பாற்றத்தான் தார்ப்பாயைத் தூக்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன். ரெபேக்காளிடமும் அதையே சொன்னேன். அந்தப் பெண், வேலைன்னா அவுக அப்படித்தான் என்று சொல்லி அழுதாள். நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். குழியிலிருந்து சிவப்பு விளக்கு, சுத்தியல், செருப்பு எல்லாம் கிடைத்தன, குழாய் மட்டும் எங்கே?

என் தோள்பையில் இருக்கிறது, மேடம். இரு வாயும் அடைத்து, டேப் மேல் தேதியைத் தன் கையெழுத்தில் எழுதி, தார்ப்பாயின் ஓரத்தை விலக்கி அவரே என் கையில் கொடுத்தார். சுத்தியலை எடுக்கத் திரும்பினார். அப்போதுதான் சுவர் இறங்கியது. வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற பொருள் எதுவும் அப்போது குழிக்குள் இல்லை. எபனேசர் மட்டும்தான் இருந்தார்.