கண் மூடாத பெட்டி

அவையின் நடுநாயகமாக, விழித்திருக்கிறாரா தியானத்தில் இருக்கிறாரா என்று நாம் ஐயுறும் வண்ணம் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! நான் எழுந்த கணம் முதல் கைக்கடிகாரத்தைக் கண்ணீர் மல்கப் பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்து, இடி விழுந்தாலும் எழ மாட்டோம் என்று சூளுரைத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை நெஞ்சில் சுமந்தும் முகத்தில் புன்னகை சூடி வந்திருக்கும் தாய்மார்களே! கடல் கடந்து வந்து, என் மொழியில் ஓர் எழுத்தும் அறியாமல், நான் குரலை உயர்த்தும்போதெல்லாம் கைதட்டும் அந்த இரு விருந்தினர்களே! இந்த மேடையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில், "மாமா, அளந்து பேசுங்க" என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருக்கும் பாராட்டு விழா நாயகனே, என் உடன்பிறந்தாள் பெற்ற ஒரே பிள்ளையே, என் மருமகனே! அனைவருக்கும் வணக்கம்.

அளந்து பேச வேண்டுமாம்! நான் என்ன துணிக்கடையா வைத்திருக்கிறேன்?

இவன் யார் தெரியுமா உங்களுக்கு? இவன் தும்மினால் பங்குச்சந்தைக்குச் சளி பிடிக்கும். இவன் கையெழுத்திட்டால் மூன்று கண்டங்களில் பேனாவை மூடுவார்கள். இரண்டு நாடுகளில் இருக்கும் இரண்டு அறைகளை ஒரே அறையாக்கும் மாயப் பெட்டியைச் செய்தவன் இவன். சுவரில் மாட்டினால் போதும். இங்கே இருப்பவர் அங்கே தெரிவார், அங்கே இருப்பவர் இங்கே தெரிவார். உலகத்தில் பாதி அலுவலகங்கள் மீதிப் பாதியை இவன் பெட்டி வழியாகத்தான் முறைத்துக்கொண்டிருக்கின்றன.

யாரது, கூட்டத்தில் சிரிப்பது? மிகையா? ஐயா, தாய்மாமன் மிகைப்படுத்தாமல் வேறு யார் மிகைப்படுத்துவது? வருமான வரிக்காரரா?

ஆனால் இவன் போனபோது எப்படிப் போனான்? பிடி அறுந்த ஒரு பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கையாலும் அணைத்துக்கொண்டு போனான். போன இடத்தில் முதல் வேலை என்ன? ஜன்னலே இல்லாத அறையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கணினி ஓடவில்லை என்று திட்டுகிறவர்களுக்கு மன்னிப்புக் கேட்கும் வேலை! "என்னடா பண்ற?" என்று கேட்டேன். "திட்டு வாங்குறேன் மாமா, மாசமானா சம்பளம் தர்றாங்க" என்றான். நான் சொன்னேன், "அடேய், நானும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதே வேலைதான் பார்க்கிறேன், எனக்கு எவன்டா சம்பளம் தர்றான்?"

சிரியுங்கள், சிரியுங்கள். தாய்மார்கள் வரிசை மட்டும் சிரிக்கவில்லை. கவனித்தேன்.

திட்டு வாங்கியவன் பொறியாளன் ஆனான். பொறியாளன் அணித்தலைவன் ஆனான். அந்த நேரத்தில்தான் என் அத்தான், இவன் தகப்பனார், திடீரென்று போய்விட்டார். அப்போது இவன் அந்நாட்டில் தங்குவதற்கான அனுமதி புதுப்பிப்பில் கிடந்தது. வெளியே காலெடுத்து வைத்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். வேலை போகும், வாங்கிய கடன் அப்படியே நிற்கும், அம்மாவுக்கு அனுப்பும் பணம் நிற்கும். தகப்பனின் முகத்தைப் பார்க்க வழி என்ன? என் கைப்பேசி! நான்தான் உயர்த்திப் பிடித்தேன். படம் ஆடியது. நடுவில் படம் உறைந்தும் போனது. அத்தானைத் தூக்கும் நேரத்தில் இவன் திரையில் தெரிந்ததெல்லாம் கூரையும் என் கட்டைவிரலும்தான்.

எல்லாம் முடிந்து வெகுநேரம் கழித்து இவன் சொன்னான்: "மாமா, படம் ஆடாத மாதிரி ஒண்ணு செய்யணும்."

பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், எப்படித் தோன்றியது இந்தப் பெட்டி என்று. அலுவலகங்களின் பயணச் செலவைக் குறைக்க என்று சொன்னான் இந்தப் பயல். நம்பினார்கள். நம்பட்டும்!

போன ஆண்டு என்னை அங்கே அழைத்துப் போனான். அடடா, வீடா அது? இந்தக் கோடியில் இருமினால் அந்தக் கோடிக்கு இருமல் நடந்து போய்ச் சேர ஒரு பொழுதாகும். சாப்பாட்டு மேசை ஒன்று போட்டிருக்கிறான். ஒரு கல்யாணப் பந்தியையே அதில் உட்கார வைத்துவிடலாம். ஆனால் ஒரே ஒரு நாற்காலியின் மெத்தைதான் அமுங்கியிருந்தது. மற்ற நாற்காலிகளில் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த நெகிழித்தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

மறுநாள் காலையில் இவனோடு பேசலாம் என்று அறைக்கதவைத் தட்டினால், என் கைப்பேசி அடிக்கிறது. யார்? இவனுடைய காரியதரிசி! "சந்திப்பின் நோக்கம் என்ன?" என்று கேட்கிறார். நான் கதவுக்கு இந்தப் பக்கம், இவன் கதவுக்கு அந்தப் பக்கம், நோக்கம் கேட்கும் அம்மணி நகரத்தின் மறுபக்கம்! "நோக்கம்: தாய்மாமன்" என்று குறித்துக்கொள்ளச் சொன்னேன். மதியத்துக்கு மேல் இடம் ஒதுக்கித் தந்தார்கள்.

அலுவலகத்துக்கும் போனேன். இவன் உணவுக்கூடத்தில் நுழைந்தான். கலகலவென்று இருந்த கூடம் கப்பென்று அடங்கிவிட்டது. இவன் உட்கார்ந்த மேசையில் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. அதனால் இவன் அங்கே சாப்பிடுவதையே விட்டுவிட்டான். வீட்டுக்கு வந்தால்? "விளக்கு, எரி" என்பான், எரியும். "விளக்கு, அணை" என்பான், அணையும். அந்த மாளிகையில் இவன் வாய்விட்டுப் பேசுகிற பேச்சு அவ்வளவுதான். ஆயிரமாயிரம் பேருக்குச் சோறு போடுகிறவன், அன்புடையீரே, பேச்சுத் துணைக்கு வைத்திருப்பது பல்பு!

இல்லை மருமகனே, என் சட்டையைப் பிடித்து இழுக்காதே. புதுச்சட்டை. இன்னும் இருக்கிறது.

இப்போது என் அக்கா வீட்டுக்கு வருகிறேன். அதோ, முன்வரிசை ஓரத்தில், தலையைக் குனிந்து கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். "அங்க வந்துடும்மா" என்று இவன் கூப்பிடாத நாள் இல்லை. ஒருமுறை போனாள். அக்கம்பக்கத்தில் பேச ஆளில்லை, பிள்ளையோ விடிந்தால் போய்ப் பொழுதடைந்தால் வருகிறான், குளிர் முட்டியில் குடியேறிவிட்டது. திரும்பி வந்துவிட்டாள். இவனுக்கோ அங்கே விட்டுவிட்டு வர முடியாத வேலை. ஆகவே இவன் என்ன செய்தான்? தன் பெட்டிகளில் ஒன்றை அம்மா வீட்டுக் கூடத்தில் மாட்டினான். இன்னொன்றைத் தன் சாப்பாட்டு அறையில் மாட்டினான். ஞாயிறுதோறும் ஒதுக்கிய நேரத்தில் இருவரும் பேசுவார்கள்.

அம்மாவுக்குப் பொத்தான் அமுக்க வராதே என்று, இவனே தன் திருக்கரத்தால் "தூங்காதே" என்று அந்தப் பெட்டிக்குக் கட்டளை எழுதி வைத்தான். இங்கேதான், பெரியோர்களே, உலகம் வியக்கும் அந்த வல்லுநன் சறுக்கினான்! அம்மா பக்கத்துப் பெட்டிக்குப் போட்ட கட்டளை தன் பக்கத்துப் பெட்டிக்கும் போய்ச் சேர்ந்ததைக் கவனிக்க மறந்தான். இவன் வீட்டுத் திரை மட்டும் இருட்டாகிவிடும். அதன் கண்ணோ கொட்டக் கொட்ட விழித்திருக்கும்! பெட்டி தூங்குகிறது என்று இவன் நினைத்துக்கொண்டிருக்க, அக்கா வீட்டுச் சுவரில் இவன் சாப்பாட்டு அறை இரவும் பகலும் தெரிந்துகொண்டிருந்தது.

எனக்கு எப்படித் தெரியும்? ஒரு காலை வேளையில் அக்கா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தட்டு. சுவரோடு பேசுகிறாள்.

"அக்கா! யார்கிட்ட பேசுற?"

"உஷ்! சத்தம் போடாதடா. அவன் சாப்பிடுறான்."

நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் இவன். இவன் முகம்கூட இல்லை. முதுகு! அந்தப் பெட்டி இவன் நாற்காலிக்குப் பின்சுவரில் இருக்கிறது; ஞாயிறு பேச்சுக்கு மட்டும் திரும்பி உட்காருவான். மற்ற நாட்களில், மின்இணைப்பு எதிர்ச்சுவரில் இருப்பதால், எதிரே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, இதற்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து சாப்பிடுகிறான். உலகத்துக்கே கோட்டும் சூட்டுமாகக் காட்சி தருகிற கோமான், தோளில் ஓட்டை விழுந்த பனியனோடு! எத்தனை பேரவைகள், எத்தனை அமைச்சர்கள், எத்தனை புகைப்படக்காரர்கள்... ஒருவருக்கும் கிட்டாத அந்த ஓட்டையின் தரிசனம் என் அக்காவுக்கு நாள்தோறும் கிட்டியது.

அங்கே இவனுக்கு மாலை, இங்கே அவளுக்குக் காலை. இவன் தட்டை வைக்கும்போது அவளும் தட்டை வைப்பாள். இவன் எடுத்துப் போட்டுக்கொள்ளும்போது "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா" என்பாள். இவனுக்குக் கேட்காது, சத்தம் மூடியிருக்கிறது. "பாரு, இன்னைக்குத் தோளு இறங்கியிருக்கு. ஆபீஸ்ல எவனோ எதுவோ சொல்லிட்டான்" என்பாள். "பிடரியில நரைச்சிடுச்சு, அவன் இன்னும் பார்த்திருக்க மாட்டான்" என்பாள். மகனின் முகத்தைப் படிக்கிற தாய்மார்கள் கோடி உண்டு. மகனின் முதுகை எழுத்துக்கூட்டிப் படித்தவள் இவள் ஒருத்திதான்!

"அவன்கிட்ட சொல்லேன் அக்கா" என்றேன்.

"சொன்னா அணைச்சிடுவான்டா. அம்மாவுக்கு ஏன் தொந்தரவுன்னு நினைப்பான். அப்புறம் அவன் தனியாச் சாப்பிடணுமே."

கேட்டீர்களா? தான் தனியாகச் சாப்பிட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அவன் தனியாகச் சாப்பிட வேண்டுமே என்றாள். துணை இருப்பதே தெரியாதவனுக்கு நாள் தவறாமல் துணையிருந்திருக்கிறாள்!

விருந்தினர் இப்போது கைதட்டவில்லை. என் மொழி புரிய ஆரம்பித்துவிட்டதோ என்னவோ.

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் போட்டு உடைக்கிறேன்? காரணம் இருக்கிறது. இந்தப் பிரபு இம்முறை வரும்போது அம்மாவுக்குப் பரிசு கொண்டு வந்திருக்கிறான். புதுப் பெட்டி! "ரொம்பப் புத்திசாலி மாமா இது. எதிர்ல உட்கார்ந்து யாரும் கூப்பிடலைன்னா ரெண்டு பக்கமும் கண்ணை மூடித் தூங்கிடும்" என்று பெருமையாகச் சொன்னான். நாளைக் காலையில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு விமானம் ஏறுகிறான். இன்று நான் மேடை ஏறும் முன் அக்கா என்னை ஓரமாக இழுத்துப் போனாள். "தம்பி, அவன் ஆசையாசையா வாங்கிட்டு வந்ததை வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலடா. நீ எப்படியாவது பேசித் தடுத்துடு. ஆனா காரணத்தை மட்டும் சொல்லிடாத" என்றாள்.

அக்கா! இத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். நாளை முதல் என்னோடு பேசாதே. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தப் புதுப்பெட்டி உன் சுவரில் ஏறினால், நீ வெறும் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவாய், இவன் வெறும் அறையில் சாப்பிடுவான். அறைகளை இணைத்தவனாம்! கண்டங்களைக் கட்டியவனாம்! தன் முதுகுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தெரியாதவனுக்குக் கேடயம் எதற்கு? கரவொலி எதற்கு? இந்த மேடையும் மாமனின் இந்த மகத்தான சொற்பொழிவும்தான் எதற்கு? சொல்லடா மருமகனே! நாளைக்கு மாட்டுவாயா, மாட்ட மாட்டாயா?

...எழுந்துவிட்டான். தலைவர் அவர்களே, கொஞ்சம் வழிவிடுங்கள். இல்லை, ஒலிவாங்கி வேண்டாமாம். மேடை ஓரத்துக்கே போய்விட்டான். பின்வரிசைக்குக் கேட்காது, இருவரும் பேசுவதை நான் அப்படியே திருப்பிச் சொல்கிறேன். இதில் மிகை ஒன்றும் இருக்காது.

"மாட்டலம்மா" என்கிறான்.

அவள் தலையாட்டுகிறாள்.

"பழசே இருக்கட்டும். என் பக்கமும் நீ தெரியற மாதிரி வச்சுடுறேன். சத்தத்தையும் திறந்துடுறேன்."

அக்கா வேண்டாம் என்று கையை ஆட்டுகிறாள். "சத்தம் வேண்டாம்டா. கேட்டா பதில் சொல்லணும்னு தோணும். நாள் பூரா பேசிட்டு வர்ற, அது வேற பாரமா? நீ பாட்டுக்குச் சாப்பிடு" என்கிறாள்.

இவன் மேடை விளிம்பில் குனிகிறான். எல்லோரும் பொறுங்கள். இதோ, பேசுகிறான்.

"நடுவுல திரும்பிப் பார்க்கலாமாம்மா?" என்று கேட்கிறான்.

"ஒரு தரம் பாரு. ரொம்ப நேரம் பார்க்காத, சாப்பாடு ஆறிடும்" என்கிறாள்.

என் சரக்கு தீர்ந்துவிட்டது, அன்புடையீரே. இதைவிடப் பெரிதாக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பொறுமையோடு அமர்ந்து கேட்ட அவைக்கும், கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்ட செயலாளருக்கும் நன்றி. வீட்டில் யாரேனும் சாப்பிடாமல் காத்திருப்பார்கள், நேரத்தோடு போய்ச் சேருங்கள். காத்திருக்க யாரும் இல்லாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். என் மனைவி திட்டுவாள், ஆனால் இலவசம். வணக்கம்.